இருபத்திரண்டேகால் அங்குலம்

1

இந்தக் கதை ஒரு தவறிலிருந்து பிறந்தது. தவறு என்னுடையது. அதை முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று எண்ணினேன். வரவில்லை. ஏழு தொடக்கங்களை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அவற்றில் ஒன்று: "ஜனவரி மாதத்து மழைக்காலையில் தபால்காரர் நனைந்த உறை ஒன்றை..."

அன்று மழை இல்லை. எங்கள் ஃபுளோரிடாவில் ஜனவரி மழை அபூர்வம். துக்கமான கதைக்கு மழை வேண்டும் என்று கை தானாக எழுதிவிட்டது.

இன்னொன்று: "எண்பத்தொரு வயது கெரிட் ஹுக்ஸ்ட்ரா ஒரு நாற்காலியிலிருந்து தானாக எழுந்திருக்க வேண்டியிருந்தது."

இது உண்மை. கதை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லும் முன் உங்களுக்கு அந்த நாற்காலி தெரிய வேண்டும்.

2

வீட்டுக்கு வெளியே, வலையடித்த தாழ்வாரத்திலும் நீச்சல்குளத்து ஓரத்திலும் போடுகிற நாற்காலி. அலுமினியச் சட்டம். இரண்டு பக்கச் சட்டங்களிலும் நீளவாக்கில் காடி என்கிற ஒடுங்கிய பள்ளம் ஓடும். துணியின் இரு ஓரங்களிலும் மடித்துத் தைத்த குழாய்க்குள் பிளாஸ்டிக் குச்சியைச் செருகி, அந்தக் காடிகளுக்குள் இழுத்து நுழைத்தால் துணி பறை போல விறைத்து நிற்கும். உட்காரவும் சாயவும் அந்த ஒரே துணிதான். சட்டம் நாற்பது வருஷம் இருக்கும். துணி எங்கள் வெயிலுக்குப் பத்து வருஷம் தாங்கினால் பெரிது. கிழிந்ததும் ஜனங்கள் அளவெடுத்து எங்கள் கடைக்கு எழுதுவார்கள். நாங்கள் அந்த அளவுக்குத் தைத்து அனுப்புவோம்.

கடையில் நாங்கள் மூன்று பேர். லாய்ட் முதலாளி. யோலண்டா வெட்டுவாள், தைப்பாள். நான் எப்சிபாள். படிவங்களைப் பிரித்து, அளவுகளைக் கணினியில் ஏற்றுவேன். பாளையங்கோட்டையிலிருந்து இங்கே வந்து இருபத்தாறு வருஷம். இந்தக் கடையில் பதினொன்று.

அந்தப் படிவம் தபாலில் வந்தது. இப்போதெல்லாம் தபாலில் எழுதுகிறவர்கள் குறைவு. பென்சிலில், கோடு போட்டது போன்ற கையெழுத்து. பழைய துணியிலிருந்து வெட்டிய பச்சைக் கோட்டுத் துண்டு ஒன்றைக் குண்டூசியால் குத்தியிருந்தார்கள். பெயர் ஆர்டித் ஹுக்ஸ்ட்ரா. நாற்காலி ஒன்று. அகலம் இருபத்திரண்டேகால் அங்குலம்.

படிவத்தின் பின்பக்கத்திலும் ஏதோ எழுதியிருந்தது. வேலை நெருக்கடியில் நான் அதைப் பார்க்கவில்லை.

3

அவர்களைப் பற்றிச் சொல்கிறேன். இதெல்லாம் பிறகு எனக்குத் தெரிந்தவை. கதையில் முன்னால் வைக்கிறேன்.

ஹுக்ஸ்ட்ரா தம்பதிகள் மிச்சிகன்காரர்கள். முன்னோர் டச்சுக்காரர்கள். சாப்பாட்டுக்கு முன்னும் ஜெபம், பின்னும் ஜெபம். கெரிட் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். ஆர்டித் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்தவர். அவர்கள் சபையின் பாடகர் குழு அங்கி முழுக்க அவர் கை. பனிக்கு அஞ்சி எல்லோரையும் போலத் தெற்கே வந்து, கடற்கரையை ஒட்டிய டிரெய்லர் வீட்டுக் குடியிருப்பில் ஒரு வீடு வாங்கி, குளிர்காலம் மட்டும் என்று தொடங்கி, வருஷம் முழுக்க அங்கேயே தங்கிவிட்டார்கள். தாழ்வாரத்துக்கு எதிரே ஒரு கால்வாய். காலையில் வெள்ளை அரிவாள்மூக்கன் பறவைகள் கூட்டமாக வந்து புல்லைக் கொத்தும். கெரிட் அவற்றை எண்ணுவார். பேருந்தில் பிள்ளைகளை எண்ணிய பழக்கம்.

நான்கு வருஷமாக அவருக்குப் பார்கின்சன் நோய். கை நடுங்கும். கால், போ என்றால் உடனே போகாது. நவம்பரில் குளியலறையில் விழுந்தார். தூக்கப் போன ஆர்டித்தும் சேர்ந்து விழுந்தார். அண்டை வீட்டுக்காரர் வந்து பார்க்கும்வரை நாற்பது நிமிஷம் இருவரும் தரையில் கிடந்தார்கள்.

ஒரே மகள் மார்லா, மிச்சிகனில் இருக்கிறாள். அவளை நான் முதலில் எழுதியது இப்படி: "கறுப்புக் கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிட்டு, கார்ச் சாவியை விரலில் சுழற்றியபடி, மார்லா..."

நிறுத்திவிட்டேன். மார்லாவை நான் பார்த்ததே இல்லை. கல்நெஞ்சுக்கார மகள் ஒருத்தி இருந்தால் கதைக்கு வசதி என்று சாவியைக் கையில் கொடுத்தேன். ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும். நாற்பது நிமிஷம் என்று கேட்டதும் தொலைபேசியிலேயே அழுதவள் அவள். அழுது முடித்துச் சொன்னதை ஆர்டித் எனக்கு அப்படியே சொன்னார்:

"அம்மா, அப்பாவ உன்னால தூக்க முடியாது. அவரு தானா எந்திரிச்சா ரெண்டு பேரும் அங்கயே இருங்க, நான் ஒரு வார்த்த பேசல. முடியலன்னா இங்க எங்க பக்கத்துல ஒரு பராமரிப்பு இல்லத்துல அறை சொல்லி வெச்சிருக்கேன். நான் வந்து என் கண்ணால பாக்கணும்."

கெரிட் கேட்டாராம்: "பொத்தான அமுக்குனா தூக்கி விடுற அந்த மோட்டார் நாற்காலில இருந்து எந்திரிச்சுக் காட்டுறேன், போதுமா?"

"மோட்டார் உங்களத் தள்ளி விடுறது எந்திரிக்கறது இல்லப்பா."

அவள் சொன்னது நியாயம்தான். எத்தனை முறை திருத்தி எழுதினாலும் அதில் ஒரு குறையும் எனக்குக் கிடைக்கவில்லை.

கெரிட் தானாக எழுந்துகொண்டிருந்தது ஒரே ஒரு இருக்கையிலிருந்துதான்: தாழ்வாரத்து அலுமினிய நாற்காலி. கை வைக்கும் இடம் உயரம், இருக்கை விறைப்பு. கடைகளில் தேடியும் அந்த உயரத்துக்கு வேறு கிடைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அதன் துணி கிழிந்தது. பிப்ரவரிக் கடைசியில் மார்லா வருகிறாள்.

ஆகவே அந்தப் படிவம்.

4

ஒரு பொய்யைத் திருத்த வேண்டும்.

இரண்டாம் பகுதியின் கடைசி வரியை அழித்துவிடலாம் என்று பார்த்தேன். அழிக்காமல் வைக்கிறேன். படிவத்தின் பின்பக்கத்தை நான் பார்த்தேன். படித்தேன். இரண்டு வரிகள்:

"துணி நன்றாக இறுக்கமாக இருக்கட்டும். என் கணவர் இதிலிருந்து தானாக எழுந்திருக்க வேண்டும்."

படித்துவிட்டு முன்பக்கம் திருப்பினேன். இருபத்திரண்டேகால். அந்த மாதிரி நாற்காலிக்கு இருபத்தொன்றுக்கு மேல் அகலம் நான் கண்டதில்லை. கண்டதில்லை என்று மனசு சொன்னது. சொன்னது எனக்குக் கேட்கத்தான் செய்தது. அளவை ஏற்றிவிட்டு அடுத்த உறையைப் பிரித்தேன்.

[இங்கே தொழில் விஷயம் ஒன்று. துணியை அளக்கக் கூடாது, சட்டத்தை அளக்க வேண்டும். துணி உட்கார்ந்தவரின் பாரத்துக்கு வருஷா வருஷம் இளகி அகலும். சட்டம் அகலாது. ஒரு காடியின் நடுவிலிருந்து மறு காடியின் நடுவரை, மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் நாடா பிடிக்க வேண்டும். துணி ஒன்றேகால் அங்குலம் அகலம் கூடினால் உட்காரும்போது மூன்று அங்குலம் பள்ளம் விழும். காலில் பலம் இருப்பவருக்கு அது சொகுசு.]

ஏன் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கவில்லை? காரணங்கள் இருக்கின்றன. ஜனவரியில் ஒரு நாளைக்கு நாற்பது படிவம் வரும். வாடிக்கையாளர் தந்த அளவைப் பற்றி நாங்கள் கருத்துச் சொல்லக் கூடாது என்பது கடை விதி; சொல்லி, அது தப்பாகிப் போய், லாய்ட் பட்டிருக்கிறார். 'நானே அளந்தேன்' என்று படிவத்தில் கையெழுத்து வாங்குகிறோம். எல்லாம் சரியான காரணங்கள்.

தினமும் காலையில் உறைக் கட்டின்மேல் கை வைத்துச் சின்னதாக ஜெபம் செய்துவிட்டுத்தான் பிரிப்பேன். இவர்கள் வீடுகளில் சமாதானம் இருக்கட்டும் என்று. அன்றும் ஜெபித்தேன். ஜெபித்த அதே கைக்குப் பக்கத்தில்தான் தொலைபேசி இருந்தது.

5

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை ஆர்டித் கூப்பிட்டார். கோபமாகப் பேசியதாக ஒரு வடிவம் எழுதிப் பார்த்தேன். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"துணி வந்து சேந்துச்சும்மா. தையல் எவ்வளவு நேர்த்தி! யாரு தச்சது? அவங்க கைக்கு என் நன்றியச் சொல்லணும்."

"சொல்றேம்மா."

"உன் பேரு என்ன?"

"எப்சிபாள்."

"அடடா! எங்க சபைல ஒரு எப்சிபா இருந்தா. ஆர்கன் வாசிப்பா. தப்புத் தப்பா வாசிப்பா, ஆனா சத்தமா வாசிப்பா." சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "எப்சி கண்ணு, நான் அளவுல தப்புப் பண்ணிட்டேன் போல. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. பழைய துணிய வெட்டி எடுத்து, மேசைல விரிச்சு, இஸ்திரி போட்டு அளந்தேன். இருபத்தொண்ணே முக்கால் வந்துச்சு. ரெண்டு பக்கமும் தையலுக்குக் கால் கால் இஞ்ச் விட்டேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். நல்ல தையல்காரி மட்டுமே செய்யக்கூடிய தப்பு. நாங்கள் கேட்பது தைத்து முடித்த அளவு. தையலுக்கு விட வேண்டியதை நாங்களே விட்டுக்கொள்வோம். தைக்கத் தெரியாதவர் யாரும் எங்களுக்காக அந்த அரை அங்குலத்தை யோசித்துச் சேர்த்திருக்க மாட்டார்கள். யோலண்டாவின் வேலை சுலபமாகட்டும் என்று அவர் சேர்த்தார். இளகிய துணி முக்கால் அங்குலம். அவருடைய நல்ல மனசு அரை அங்குலம்.

"நடுவுல ஒரு மடிப்பு வெச்சு நானே தச்சிடலாம்னு பாத்தேன். மெஷின்ல மூணு ஊசி ஒடஞ்சிடுச்சு. சரி, விடு. மடிப்பு வெச்சா அவரு முதுகுலயும் குத்தும். வேற ஏதாவது வழி இருக்கான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். மக வர்றதுக்கு இன்னும் ஒம்போது நாள் இருக்கு."

அப்போதுதான் நாற்பது நிமிஷத்தையும் மார்லாவையும் சொன்னார். முறையீடாகச் சொல்லவில்லை. ஒன்பது நாள் என்ன கணக்கு என்று எனக்குப் புரிய வேண்டுமே என்பதற்காகச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழம நான் அங்க வரலாமாம்மா?" என்றேன்.

"நீயா? எதுக்கு?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "அளவெடுக்க" என்று மட்டும் சொன்னேன்.

6

ஆராதனை முடிந்து, மதியம் ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிப் போனேன். இந்தக் காட்சியில் நான் எதையும் கற்பனை செய்யவில்லை. கால்வாயில் முதலை ஒன்று இருந்ததாகக் கெரிட் சொன்னார். எனக்குத் தெரிந்தது ஒரு மரக்கட்டைதான். அதை மட்டும் அவர் பொறுப்பில் விடுகிறேன்.

நான் போனபோது அவர் அந்த நாற்காலியில்தான் இருந்தார். இருந்தார் என்பதைவிட விழுந்து கிடந்தார் என்பது சரி. முழங்கால்கள் இடுப்புக்கு மேலே ஏறி நின்றன.

"வாம்மா, வா. எந்திரிச்சு மரியாத பண்ணிருப்பேன். எனக்கு ஊஞ்சல் கட்டி அனுப்பிட்டீங்க."

"கெரிட்!" என்றார் ஆர்டித். "அவ விருந்தாளி."

"விருந்தாளிக்குத்தான் சொல்றேன். நீ தெனம் பாக்குற." சட்டைப் பையிலிருந்து வெள்ளை பெப்பர்மின்ட் மிட்டாய் ஒன்றை நடுங்கும் விரலால் எடுத்து நீட்டினார். "பிரசங்கத்துக்கு நடுவுல வாயில போட வெச்சிருந்தது. இன்னிக்குப் பாதிரியார் சீக்கிரம் முடிச்சிட்டாரு, ஒண்ணு மிச்சம்."

பிறகு, நான் கேட்காமலேயே, "காட்டட்டுமா?" என்றார்.

இரு கைகளையும் கைச்சட்டத்தில் ஊன்றினார். "எல்லாரும் உக்காந்தாச்சா?" என்றார். முப்பத்தொரு வருஷம் பேருந்தை எடுக்கும் முன் கேட்ட கேள்வி. எழும் முன் அதைச் சொன்னால்தான் கால் கேட்கிறது என்று ஆர்டித் என் காதருகே சொன்னார். "வண்டி எடுக்கப் போறேன். ஒண்ணு... ரெண்டு..."

மூன்றுக்கு உடம்பு முன்னால் வந்தது. பள்ளம் அவரைப் பின்னால் இழுத்தது. மறுபடி எண்ணினார். மறுபடி இழுத்தது. மூன்றாம் முறை எண்ணிக்கை இரண்டிலேயே நின்றுவிட்டது. வலைக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "பதிமூணு பறவ இன்னிக்கு" என்றார்.

நான் கை கொடுக்கக் குனிந்தேன். ஆர்டித் என் தோளைத் தொட்டார்.

"அவரு கேக்கட்டும்."

காத்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று எழுதப் போய், ஒரு எண்ணைப் போட்டு, அடித்துவிட்டேன்.

"சரி, ஆர்டி. கை குடு" என்றார் அவர். இருவரும் சேர்ந்து தூக்கி, உள்ளே கட்டிலில் உட்கார வைத்தோம்.

நான் நாடாவை எடுத்தேன். ஆர்டித் தயங்கினார். "ஓய்வுநாள்ல அளவெடுக்குறதா?"

அவர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஊசி எடுப்பதில்லை, புல் வெட்டுவதில்லை. கெரிட் கட்டில் ஓரத்திலிருந்து குரல் கொடுத்தார்: "கையில ஸ்பேனர் இருந்தாத்தான் வேல. டேப்பு சும்மா பாக்குறது. நான் பறவ எண்ணல? அது மாதிரி."

"இவரு வேதபாடம் நடத்துனா இப்படித்தான்" என்றார் ஆர்டித். ஆனால் நாடாவின் மறு முனையை அவரே பிடித்துக்கொண்டார். மேலே இருபத்தொன்று. நடுவில் இருபத்தொன்று. கீழே இருபத்தொன்று.

மூன்றாவது இருபத்தொன்றைக் குறித்துக்கொண்டபோது சொல்லிவிட்டேன். "அம்மா, நீங்க பின்பக்கம் எழுதுனத நான் அன்னிக்கே படிச்சேன். அளவு தப்பா இருக்கும்னும் தோணுச்சு. கூப்பிடல."

அவர் நாடாவை விடவில்லை.

"இன்னிக்கு வந்துருக்கல்ல" என்றார். பிறகு, "சூப் இருக்கு, குடிச்சிட்டுப் போ."

[இந்த இடத்தில் மன்னிப்பைப் பற்றி ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். அழகாகத்தான் வந்திருந்தது. அந்தச் சூப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எடுத்துவிட்டேன்.]

7

திங்கட்கிழமை லாய்டிடம் சொன்னேன்.

"எப்சி, படிவத்துல கையெழுத்து எதுக்கு வாங்குறோம்?"

"தெரியும் லாய்ட்."

"ஒருத்தருக்கு இறங்குனா நாளைக்கு நாப்பது பேரு கதவுல நிப்பாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு கத இருக்கும்."

"இருக்கும். இதுல என் தப்பும் இருக்கு. எனக்குத் தோணுச்சு, நான் கூப்பிடல."

"கூப்பிடக் கூடாதுன்னு சொன்னதே நான்தான்" என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மதியம் வெட்டும் மேசையருகே வந்து யோலண்டாவிடம், "அந்தப் பச்சக் கோட்டு ரோல் ஓரத்துல அழுக்கு பட்டிருக்கு. அம்பது, அம்பத்தஞ்சு இஞ்ச் இருக்கும். வெட்டி எடுத்துடு. விக்கறதுக்கு ஆகாது" என்றார்.

யோலண்டா ரோலைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். "அழுக்கு எங்க இருக்கு?"

"உனக்குக் கண்ணு சரியில்ல. எனக்குத் தெரியுது."

"அழுக்கு எத்தன அகலத்துக்கு, முதலாளி?"

"அத எப்சிகிட்ட கேளு" என்று போய்விட்டார்.

லாய்டை நான் இன்னும் நல்லவராக எழுதியிருக்கலாம். ஆனால் அவர் அன்று சாயங்காலமே கதவில் ஒரு காகிதம் ஒட்டினார்: அளவு தவறானால் மாற்றித் தரப்படாது. அதுவும் அவர்தான். யோலண்டா தன் சாப்பாட்டு இடைவேளையில் அந்தத் துணியைத் தைத்தாள். தைக்கும்போது அவளுடைய மாதாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டே தைத்தாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"நூல் அறாம இருக்கணும்னு. அவரு கால நீ பாத்துக்கோ, நூல நான் பாத்துக்குறேன்னு."

8

சனிக்கிழமை காலை யோலண்டாவும் நானும் போனோம். மார்லாவின் விமானம் மூன்று மணிக்கு.

துணியை அரை மணி நேரம் வெயிலில் போட்டு இளக்கினோம். காடியில் சோப்புத் தண்ணீர் விட்டோம். குறுக்குச் சட்டத்தின் திருகுகளைத் தளர்த்தி, குச்சிகளை இருபுறமும் நுழைத்து இழுத்தோம். அப்புறம் பக்கச் சட்டங்களை விரித்துப் பிடிக்க வேண்டும். அதற்கான கருவி கடையிலேயே தங்கிவிட்டது. ஆர்டித் மாவு உருட்டும் கட்டையைக் கொண்டுவந்தார்.

"நாப்பது வருஷமா இத எனக்குப் பயம் காட்டத்தான் வெச்சிருக்கான்னு நெனச்சேன்" என்றார் கெரிட்.

"அதுக்கும்தான்."

கட்டையை நடுவில் கொடுத்து யோலண்டா உதைத்துத் தள்ள, நான் திருகை முடுக்கினேன். கட்டையை எடுத்தபோது துணி 'டப்' என்று விறைத்தது. ஆர்டித் விரலால் சுண்டிப் பார்த்தார். தையல் ஓரத்தைக் கட்டை விரலால் நெடுக வருடினார். யோலண்டாவின் கையை எடுத்துத் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். யோலண்டாவுக்கு ஸ்பானிஷ்தான் சரளம்; இருவருக்கும் பொது மொழி அதிகம் கிடையாது. துணியைக் காட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டார்கள்.

கெரிட் மெல்ல வந்து உட்கார்ந்தார். அமிழவில்லை. முழங்கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

"எந்திரிச்சுப் பாக்குறியா?" என்றார் ஆர்டித்.

அவர் யோசித்தார். "வேணாம். கால்ல இன்னிக்கு எத்தன தடவைக்குப் பலம் இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஒண்ணுதான் இருந்துச்சுன்னா?"

மணி ஒன்றரை. நாங்கள் கிளம்பினோம். மகள் வரும் நேரத்தில் கடைக்காரர்கள் வீட்டில் நிற்கக் கூடாது. காரை எடுக்கும்போது திரும்பிப் பார்த்தேன். கைகள் கைச்சட்டத்தில் தயாராக, முகம் வாசல் பக்கம். பிள்ளை நிற்கிற நிறுத்தத்துக்கு முன்கூட்டியே வந்து காத்திருக்கும் ஓட்டுநர் போல.

9

முடிவுகள்.

முதலாவது: மார்லா உள்ளே வருகிறாள். "எல்லாரும் உக்காந்தாச்சா?" என்கிறார் அப்பா. மூன்று எண்ணுகிறார். எழுகிறார். நான் மிகவும் விரும்பும் முடிவு இது. அதனாலேயே இதை நம்பக் கூடவில்லை.

இரண்டாவது: எண்ணுகிறார். எழ முடியவில்லை. அளவு சரியாக இருந்தது, கால்தான் இல்லை. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். நாங்கள் இருபத்தொன்று அங்குலத்துக்குப் பொறுப்பு. அதற்கு மேல் உள்ளதற்கு இல்லை.

மூன்றாவது: பயணக் களைப்பில் மார்லாவே அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணயர்ந்து, அப்பா அவளைப் பார்த்தபடி

இல்லை. இது எனக்காக எழுதியது. நிறுத்துகிறேன்.

நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால், செய்ததற்குப் பலன் கேட்டது போல ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி பயம். மார்ச் முழுக்க இந்தக் கதை எட்டாம் பகுதியோடு நின்றது.

இன்று காலை, ஏப்ரல் மாதத்து உறைக் கட்டின்மேல் கை வைத்து ஜெபித்துவிட்டுப் பிரித்தேன். நான்காவது உறையில் பென்சில் எழுத்து. ஆர்டித் ஹுக்ஸ்ட்ரா. நாற்காலி இன்னொன்று. அதே பச்சைக் கோடு. அகலம் இருபத்தொன்று. பின்பக்கம் திருப்பினேன்: "இந்த முறை சட்டத்தை அளந்தேன். மூன்று இடத்திலும்."

அந்த வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரே நாற்காலிதான் பார்த்தேன். இரண்டாவது யாருக்கு? பக்கத்தில் வந்து உட்காரும் மகளுக்கா, அல்லது மிச்சிகனில் ஏதோ ஓர் அறையின் ஜன்னலுக்குப் பக்கத்தில் போடுவதற்கா? தெரிந்துகொள்ள முகவரியைத் தேடினேன். துணியை எங்கே அனுப்ப வேண்டும் என்ற கட்டம் காலியாக இருந்தது. உறை மீதிருந்த முத்திரையும் மங்கியிருந்தது. ஒரு கைபேசி எண் மட்டும் இருக்கிறது. அது எந்த ஊரிலிருந்தும் ஒலிக்கும்.

மறந்திருப்பார். எல்லாவற்றையும் சரியாக அளந்துவிட்டு இதை மறந்திருப்பார். கடை விதிப்படி, முகவரி இல்லாத படிவத்தை நிலுவைப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த உறையைப் பிரிக்கலாம்.

நான் இந்தப் பக்கத்தைப் படிவத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எண்ணை அழுத்திவிட்டேன். மணி அடிக்கிறது. நீங்களும் கேட்டுக்கொண்டிருங்கள். நாலு முறை அடித்தாயிற்று, ஐந்து. நாற்காலியிலிருந்து எழுந்து வந்து எடுக்கக் கொஞ்ச நேரம் ஆகும். நாம் வைத்துவிட வேண்டாம்.